மகன் தேடிய சொத்தில் தாய்க்கும் சம பங்கு! மறந்தால் வீடு விற்க முடியாது

அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. பத்திரம் எழுத நாளும் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வாங்குகிறவரின் வக்கீல் கேட்பார்: "பாட்டி கையெழுத்து எங்கேப்பா?"

மகன் திருதிருவென்று விழிப்பான். "இது எங்க அப்பா சம்பாதிச்ச வீடு சார். பாட்டிக்கு இதுல என்ன இருக்கு?"

இருக்கிறது!

தாம்பரத்தில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வையுங்கள். சொந்த உழைப்பில் வாங்கிய வீடு. மதிப்பு 60 லட்சம் ரூபாய். மனைவி, 2 மகன்கள், ஒரு மகள், வயதான தாய். 1956-ம் ஆண்டு இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி 5 பேருக்கும் ஆளுக்கு 12 லட்சம். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டாலும் பங்கு குறையாது. (பெண்களுக்கு 1989-ல்தான் பங்கு வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம். தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு 1956 முதலே சம பங்கு.)

இறந்தவரின் தகப்பனார் உயிரோடு இருந்தால்? இத்தனை பேர் இருக்கும்போது அவருக்கு ஒன்றும் கிடையாது. தாய்தான் முதல் வரிசை.

சித்தப்பாவுக்கும் பங்கு

"பாட்டிதான் போன வருஷமே போயிட்டாங்களே சார்!"

அங்கேதான் சிக்கல். பாட்டியின் 12 லட்சம் பேரப்பிள்ளைகளுக்கு அப்படியே வந்துவிடாது. பாட்டியும் உயில் எழுதவில்லை. அவர் கணவரும் இல்லை. பிள்ளைகளோ 3 பேர்: கடைக்காரர், தம்பி, தங்கை. தம்பிக்கு 4 லட்சம், தங்கைக்கு 4 லட்சம். கடைக்காரரின் 4 லட்சம் அவருடைய 3 பிள்ளைகளுக்கு. அவர் மனைவிக்கு இதில் காலணாகூட இல்லை!

காரியத்தன்று சண்டை போட்டுக்கொண்டு போன சித்தப்பாவின் வாசலில் போய் நிற்கவேண்டியதுதான்.

"பாட்டியே வேண்டாம்னு சொன்னாங்க" என்றால் எடுபடாது. உயிரோடு இருந்தபோதே சார்பதிவாளர் ஆபீசில் விடுதலைப் பத்திரம் பதிவு செய்திருக்கவேண்டும். அல்லது கடைக்காரர் உயில் எழுதியிருக்கலாம். ஸ்டாம்பு பேப்பர்கூட வேண்டாம். வெள்ளைத்தாளும் 2 சாட்சிகளின் கையெழுத்தும் போதும்.

கிறிஸ்தவர்களுக்குக் கணக்கு வேறு. 1925-ம் ஆண்டு சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு, தாய்க்கு இல்லை. முஸ்லிம்களுக்கு, இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் தாய்க்கு ஆறில் ஒரு பங்கு.

தாசில்தார் ஆபீசில் வாரிசு சான்றிதழுக்கு மனுப்போடும்போது, "கிழவி பேர் எதுக்கு?" என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழில் பெயர் இல்லை என்பதற்காகப் பங்கு போய்விடாது.