கடல்கட்டியின் மந்திரமும் அட்ரீனல் சுரப்பியும்

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதற்குமுன் பல நூற்றாண்டுகளாக, கயிற்றில் பிணைத்த கல்லின்மேல் ஒரு காலை ஊன்றி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள பார்களில் (சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில்) இறங்கி, ஒரு நிமிஷத்துக்குச் சற்று முன்பின்னாக மூச்சையடக்கிச் சிப்பி அள்ளிவந்த பரதவரையும் கீழக்கரை முஸ்லிம்களையும் பற்றி, மார்க்கோ போலோ முதல் ஜேம்ஸ் ஹார்னெல் வரை பலர் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அந்த ஒரு நிமிஷத்தில் அவர்களுடைய சரீரத்துக்குள்ளே நடந்தது என்ன என்று, முத்தின் விலையை ஆராய்ந்த அக்கறையோடு ஆராய்ந்தவர்கள் மிகச் சிலரே.

முகம் நீரில் அமிழ்ந்த மாத்திரத்தில், நெற்றியிலும் மூக்கைச் சுற்றியும் கிளை பரப்பியிருக்கும் ஐந்தாம் கபால நரம்பு அச்செய்தியை மூளையின் அடியிலுள்ள முகுளத்துக்கு அனுப்புகிறது. மூச்சும் நின்றிருப்பதை உணர்ந்த முகுளம், பத்தாம் கபால நரம்பாகிய வேகஸின் வழியே இருதயத் துடிப்பைத் தணித்து, பரிவு நரம்புகளின் வழியே கைகால்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உள்ள பிராணவாயு மூளைக்கும் இருதயத்துக்குமே முதலில் சேருமாறு செய்கிறது. இவ்வளவும் குளியாளின் சம்மதத்தை எதிர்பாராமலே நிகழ்வது. நீர் குளிரக் குளிர இந்த அனிச்சைச் செயல் வலுக்குமாதலால், வெதுவெதுப்பான நம் கடலில் அதன் வேகம் சற்றுக் குறைவே. ஷோலாண்டர் என்னும் உடலியல் அறிஞரும் அவருடைய சகாக்களும் டாரஸ் நீரிணையின் முத்துக்குளிப்போரிடம் இந்த அனிச்சைச் செயலை அளந்து 1962-இல் வெளியிட்டார்கள்.

மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பை எழுப்புவது, இரத்தத்தில் பெருகும் கரியமிலவாயுவே. பிராணவாயுவின் குறைவை உடல் அவ்வளவு சுருக்காக உணர்வதில்லை. பத்துப் பாக ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பிலுள்ளதைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு இருப்பதால் பிராணவாயு இரத்தத்தில் எளிதாகப் புகும். மேலேறுகையில் அழுத்தம் தளர, அதுவும் சட்டென்று குறைந்து, நீர்மட்டத்தை நெருங்கும் கடைசிச் சில அடிகளிலே மனிதன் அறிவிழக்கக்கூடும். தோணியில் கயிறு பிடித்திருப்பவனுடைய பொறுப்பு எவ்வளவு பெரிது என்பது இதனால் விளங்கும்.

இனி அச்சத்துக்கு வருவோம். சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஓதும் கடல்கட்டி என்பவர் வந்தாலொழியக் குளியாளர் அந்நாளில் கடலில் இறங்கமாட்டார்கள். மார்க்கோ போலோவே இவ்வழக்கத்தைக் குறித்திருக்கிறார். இலங்கைக் கரையில் ஆங்கில அரசாங்கம் இவர்களுக்கு ஊதியமும் கொடுத்தது. இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சுறாவின் நிழல் கண்ணில் பட்டதும் மூளையின் ஆணை முதுகுத்தண்டின் வழியாக இறங்கி, சிறுநீரகங்களின்மேல் தொப்பியைப்போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அச்சுரப்பியின் உட்பகுதியோ, கருவில் நரம்பணுக்கள் தோன்றும் அதே மூலத்திலிருந்து பிறந்தது; நரம்பு ஒன்று சுரப்பியாகிவிட்டது என்றே சொல்லலாம். நரம்பின் ஆணை சில நொடிகளில் பலித்து ஓய்ந்துவிடும்; அச்சுரப்பி இரத்தத்தில் விடும் அட்ரீனலின் என்னும் ஹார்மோனோ அப்படியன்று. இரத்தத்தில் கலந்த அளவு பாதியாகக் குறையவே இரண்டு மூன்று நிமிஷமாகும். அதாவது, முழுக்கைக் காட்டிலும் அச்சத்தின் ஆயுள் நீண்டது. வேகஸ் தணித்த இருதயம் படபடக்கிறது. சிக்கனமாகச் செலவாக வேண்டிய பிராணவாயு வீணாகிறது. அடுத்த முழுக்குக்கும் அந்தப் படபடப்பு உடன்வருகிறது. ஒரு நாளில் 40, 50 முறை இறங்குகிற மனிதனுக்கு மனத்தின் அமைதியே மூச்சாதலால், கடல்கட்டியின் மந்திரம் சுறாவை அடைந்ததோ இல்லையோ, குளியாளின் அட்ரீனல் சுரப்பியைத் தவறாமல் அடைந்திருக்கும் என்பது என் துணிபு.

நரம்பையும் ஹார்மோனையும் பிரிக்கும் வேலி அவ்வளவு உயரமானதன்று என்பதற்கு வேறு சான்றும் உண்டு. ஆட்டோ லோவி என்பவர் 1921-இல், ஒரு தவளையின் இருதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இருதயத்திலிருந்த திரவத்தை மற்றொரு தவளையின் இருதயத்தில் செலுத்தியபோது, நரம்பின் தொடர்பே இல்லாத இரண்டாவது இருதயமும் மெதுவாயிற்று. நரம்பும் தன் முனையில் இரசாயனத்தைக் கொண்டே பேசுகிறது.

நெடுநேரம் நீரில் கிடப்பவனுக்கு வேறொன்றும் நேர்கிறது. நீரின் அழுத்தத்தால் கால்களின் இரத்தம் மார்புக்குத் தள்ளப்பட, விரிந்த இருதயம் தானே ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, பிட்யூட்டரி, சிறுநீரை மட்டுப்படுத்தும் தன் வாஸோப்ரெஸின் சுரப்பைக் குறைக்கிறது, சிறுநீர் பெருகுகிறது. குளியாள் தோணியில் குடிநீருக்குத் தவிப்பது உப்புக்காற்றினால் மட்டுமன்று.

இந்தோனேசியாவில் மூச்சடக்கி மூழ்கியே வாழும் பாஜோ மக்களின் மண்ணீரல், அண்டையிலுள்ள உழவர்களுடையதைவிட ஏறக்குறைய பாதியளவு பெரிதாக இருப்பதாக 2018-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மூழ்கும்போது பரிவு நரம்புகளின் தூண்டுதலால் மண்ணீரல் சுருங்கித் தன்னிடமுள்ள சிவப்பணுக்களை இரத்தத்தில் சேர்ப்பதால், அதன் பெருமை மூழ்குவோனுக்கு நேரான இலாபம். அவ்வளர்ச்சிக்குத் தைராய்டு ஹார்மோனை மிகுவிக்கும் ஒரு மரபணு காரணமாகலாம் என்றும் அவ்வறிஞர்கள் கருதுகிறார்கள். முத்துக்குளிப்பு முடிந்தாலும் தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில் சங்கு குளிப்போர் இன்றும் இருக்கிறார்கள். பாஜோ மக்களிடம் காட்டிய சிரத்தையை அவர்களிடமும் காட்டி, அவர்களுடைய மண்ணீரலையும் தைராய்டையும் இருதயத்தையும் நம் மருத்துவக் கல்லூரிகள் அளந்து பார்க்க வேண்டும். அளந்த முடிவுகளை முதலில் அவர்களுக்கே விளங்கச் சொல்லவும் வேண்டும்.