பிறந்தநாள் பட்ஜெட் பிள்ளை கையில்... கேக் வெட்டுவதற்குள் குழந்தைகள் கற்றுக்கொள்வது என்ன?

ராஜேந்திர சோழனின் பிறந்தநாள் எப்போது என்று உடையார்பாளையம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜெயங்கொண்டம் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். ஆடித் திருவாதிரை வந்தால் அங்கே அரசு விழா. 2025-ல் ஜூலை 23 முதல் 27 வரை அஞ்சு நாள் நடந்தது, கடைசி நாளில் பிரதமரே வந்தார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மன்னரின் பிறந்தநாளுக்கே இவ்வளவு ஏற்பாடு.

சரி, அதே தாலுகாவில் இருக்கும் ஒரு பத்து வயசுப் பிள்ளை தன் பிறந்தநாளுக்கு என்ன செய்கிறது? மெழுகுவர்த்தியை ஊதுகிறது, கேக் வெட்டுகிறது, போட்டோவுக்குச் சிரிக்கிறது. மற்றதெல்லாம் அப்பா, அம்மா, சித்தப்பா முடிவு. அந்த முடிவுகளில் பாதியையாவது பிள்ளையிடமே விட்டால் என்ன ஆகும்?

முதலில் கணக்கு

மொத்தம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேக் 600, பலூன், கலர் பேப்பர் 200 போனால் மீதி 700. இருபது பேர் வந்தால் ஆளுக்கு 35 ரூபாய். இருபத்தைந்து பேர் என்றால் 28 ரூபாய்தான். சமோசாவும் ஜூஸும் ரெண்டும் வேணுமா, ஒன்று போதுமா என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பட்டியல், இலாபம், நட்டம் என்று ஒரு பாடமே உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் வரும் பணம் யாரோ ஒருவருடையது. இது தன் கேக், தன் சமோசா.

தட்டு, டம்ளர் வாங்கப் போகும்போது இன்னொரு விஷயமும் தெரியவரும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. வாழை இலை, பாக்குமட்டைத் தட்டு, வீட்டு எவர்சில்வர் டம்ளர் என்று வேற வழியைப் பிள்ளையே யோசிக்கட்டும்.

இதில் பெற்றோருக்கு ஒரே ஒரு நிபந்தனை. 1,500 என்றால் 1,500தான். கடைசி நேரத்தில் முகம் வாடுதே என்று இன்னொரு 500-ஐ எடுத்து நீட்டினால், அதுவரை போட்ட கணக்கு அத்தனையும் வீண்.

யாரைக் கூப்பிடுவது?

கஷ்டமான இடம் இதுதான். பள்ளியில் பிரச்னை இல்லை. கலர் டிரஸ் போட்டுப் போனால் வகுப்பில் எல்லாருக்கும் சாக்லேட் உண்டு. சாயங்காலம் வீட்டு விசேஷத்துக்கு அப்படி முப்பது பேரைக் கூப்பிட முடியாது. யாரையாவது விட்டாக வேண்டும். விட்டால் அவன் மனசு என்ன ஆகும், நாளைக்குப் பக்கத்தில் உட்காருவானா? போன மாசம் சண்டை போட்டவளைக் கூப்பிடலாமா? அடுத்தவர் இடத்தில் நின்று பார்க்க வைக்கும் கேள்விகள் இவை. எந்த நீதிபோதனை வகுப்பும் இவ்வளவு நெருக்கமாகக் கேட்காது.

பிள்ளை எழுதிய பட்டியல் பெரியவர்கள் கைக்கு வரும்போது வேறொன்றும் நடக்கும். "இது எந்தத் தெருப் புள்ள?" என்று ஒரு குரல் வரும். ஒரு பெயரில் பேனா நிற்கும். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தின் ஒரு தொடக்கப் பள்ளியில், பட்டியலினப் பெண் சமைக்கிறார் என்பதற்காகக் காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிட வேண்டாம் என்று சில பெற்றோர் தடுத்தார்கள். ஆட்சியரே நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. பள்ளி என்பதால் அது செய்தியானது. வீட்டுக்குள் ஒரு பெயர் அடிபட்டால் யாருக்கும் தெரியாது.

பிள்ளைக்குத் தெரியும். வழக்கமாகச் சொல்லும் சாக்கு "செலவு தாங்காதுப்பா" என்பதுதான். ஆனால் கணக்கு நோட்டு இப்போது பிள்ளை கையில். இன்னொரு ஆள் வந்தால் 35 ரூபாய்தான் என்று அதற்குத் தெரியும். "என் சமோசாவை அவனுக்குக் கொடுத்துடுறேன்" என்று சொன்னால் பெரியவர்களிடம் என்ன பதில் இருக்கும்? பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படைப்பதற்கு முன்னாலேயே அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

"எல்லாம் அஞ்சு நிமிஷ வேலை"

அப்படித்தான் பிள்ளை சொல்லும். பெரியவர்களும் அப்படித்தான். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே கணிக்கிறார்கள் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். அம்பது பலூனை ஊதி, நூல் கட்டி, ஒட்டி முடிக்கும்போது அது தானாகப் புரியும். கேக் எத்தனை நாள் முன்னாடி சொல்லணும், அன்றைக்குக் கடை லீவா, மறுநாள் பரீட்சை இருக்கா என்று பின்னாலிருந்து எண்ணிப் பழகுவதுதான் திட்டமிடல்.

1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரி, தண்ணீர் ஊற்றுவது, மேசை துடைப்பது மாதிரியான வீட்டு வேலைகளையே குழந்தைகளுக்குப் பாடமாக வைத்தார். விளையாட்டுச் சாமான் இல்லை, நிஜச் சாமான். பிறந்தநாள் வேலையும் அதே வகைதான்.

எல்லா வயசுக்கும் எல்லாமும் வேண்டாம். அஞ்சு வயசுக்கு "சாக்லேட் கேக்கா, வெனிலாவா?" போதும். எட்டு, ஒன்பது வயசில் பட்டியலும் கணக்கும். பன்னிரண்டில் கடைக்காரரிடம் விலை பேசுவது வரைக்கும் விடலாம். அடுப்பு, மெழுகுவர்த்தி மட்டும் எப்போதும் பெரியவர்கள் பொறுப்பு. நுரை ஸ்ப்ரேயும் ஹைட்ரஜன் பலூனும் தீப்பிடிக்கக்கூடியவை. அது வேணும் என்று எவ்வளவு அழுதாலும் பதில் "இல்லை"தான்.

பலூன் பத்தாமல் போகலாம், ஒரு விளையாட்டு சொதப்பலாம். போகட்டும். ராத்திரி மிச்சப் பணத்தை எண்ணும்போது எது தப்பாச்சு என்று பிள்ளையே சொல்லும்.

பட்ஜெட் ரொம்பவே இடித்தால் ராஜேந்திர சோழன் வழியும் இருக்கு. அவர் பிறந்தநாள் தேதியில் அல்ல, நட்சத்திரத்தில் கொண்டாடப்படுகிறது. பிள்ளையின் நட்சத்திரம் என்ன என்று பாட்டியிடம் கேட்டு, தினசரி காலண்டரில் தேடச் சொல்லலாம். நட்சத்திரத்துக்கு வீட்டில் பாயசமும் கோயிலும், தேதிக்கு நண்பர்களும் கேக்கும். ஊரில் விளையும் முந்திரியில் கொஞ்சம் பாயசத்துக்கு ஒதுக்கி வைக்கச் சொல்லி, அதையும் பிள்ளையின் பட்டியலிலேயே எழுத விடலாம்.