அம்மம்மாவுக்காக ஓர் ஊசி

பேராதனைப் பல்கலைக்கழகத்தில், சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயர் தாங்கிய விடுதியில் தங்கிப் படிக்கிறேன். ஹந்தானை மலையின் பனியும் மகாவலியின் ஈரமும் இனியவையே. ஆயினும், ஓர் அறையில் இருமல் தொடங்கினால் ஒரு வாரத்தில் மாடி முழுவதும் அதன் ஓசைதான்.

சென்ற ஆண்டு காய்ச்சலோடுதான் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் சென்றேன். கொத்தமல்லிக் குடிநீர் அருந்தி மூன்றே நாளில் நான் எழுந்துவிட்டேன். அதனை அவித்துத் தந்த அம்மம்மாவோ ஒரு மாதம் படுக்கையில் கிடந்தார். "படிக்கப் போன இடத்திலயிருந்து எனக்கு என்ன ராசா கொண்டுவந்தனீ?" என்று அவர் சிரித்தபடி கேட்டது இன்னும் நெஞ்சில் தைக்கிறது.

ஆகவே, இவ்வாண்டு விடுமுறைக்கு மூன்று வாரம் முன்னரே கண்டி நகருக்குச் சென்று இன்புளுவென்சாத் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அதன் பயன் உடலிற் சேர ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும்.

"சிறுவயதில் போட்ட ஊசிகள் போதாவா?" என்றான் அறைத்தோழன். போதா. இக்கிருமி ஓயாது உருமாறுவது. 1957இல் அது புதிய உருவில் வந்தபோது, உலகெங்கும் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் மாண்டதாகக் கணிப்பர். ஆதலின், உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும் அறிஞரைக் கூட்டி, எவ்வகைக் கிருமிகளுக்கு ஊசி செய்வதென அறிவிக்கிறது.

ஊசி நோயை முற்றாகத் தடுக்கும் என்று சொல்வதற்கில்லை. அதன் வன்மையைக் குறைக்கும். எனக்கு இரண்டு நாள் தோள் நொந்தது, அவ்வளவே.

அடுத்த வாரம் ஊருக்குப் புறப்படுகிறேன். அம்மம்மாவையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். ஊசியென்றால் அஞ்சுபவர், என் தோளைக் காட்டினால் இணங்குவார்.