நீலம் வந்தால் உஷார்!

விசித்திர நிற ஐசோபாட்களைத் தேடிப் பிடித்து வளர்க்கிறார்கள் ஆர்வலர்கள். ஆனால் எல்லா நிறமும் பரம்பரைச் சொத்து அல்ல.

ஈரச் செங்கல்லைப் புரட்டினால் சாம்பல் நிற ஜந்துக்கள் நாலா பக்கமும் சிதறி ஓடும். சில, தொட்டதும் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பூச்சிகள் என்று நினைத்தால் தவறு. ஐசோபாட் எனப்படும் இவை இறால், நண்டு இனத்தின் உறவினர்கள். நிலத்துக்கு வந்துவிட்டாலும் ஈரமில்லாமல் வாழத் தெரியாதவை. உதிர்ந்த இலைகளையும் மக்கிய மரத்தையும் தின்று மண்ணுக்கு உரமாக்குவதே இவற்றின் வேலை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இவற்றுக்குத் தனி மவுசு. பல்லி, தவளை வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளில் கழிவுகளைத் தின்பதற்காக விடப்பட்டவை, இன்று தாங்களே செல்லப் பிராணிகளாகிவிட்டன. வெள்ளை உடலில் கறுப்புப் புள்ளிகள் கொண்ட 'டால்மேஷன்' ரகம் பிரபலம். ஆரஞ்சு நிறத்துக்கும் கிராக்கி உண்டு.

இப்படிப்பட்ட ரகங்கள் பல, கூட்டத்தில் தென்பட்ட ஒரே ஒரு விநோத ஜந்துவிலிருந்து தொடங்கியவை. வெளியே பளிச்சென்ற நிறம் ஆபத்து; பறவையின் கண்ணில் உடனே படும். மனிதன் கையில் சிக்கினால் அதே நிறம்தான் ஆயுளைக் கூட்டுகிறது.

ஆனால் நிறத்தைத் தக்கவைப்பது சுலபமல்ல. ஆரஞ்சு பெண்ணுக்குப் பிறக்கும் குட்டிகள் அனைத்தும் சாம்பலாகவே இருக்கலாம். ஏமாந்து அவற்றைக் கொட்டிவிட்டால் கதை முடிந்தது. ஒடுங்கிய மரபணு அந்தச் சாம்பல் குட்டிகளுக்குள்தான் ஒளிந்திருக்கும். அவற்றை ஒன்றோடொன்று இணைத்தால், சராசரியாக நாலில் ஒன்றுக்கு ஆரஞ்சு நிறம் திரும்பும்.

1951இல் ரேவா காட்டில் பிடிபட்ட வெள்ளைப்புலி மோகன் கதையும் இதேதான். சாதாரணப் பெண்புலியிடம் அதற்குப் பிறந்தவை எல்லாம் மஞ்சள் குட்டிகள். மகள் ராதாவுடன் இணைத்தபோதுதான், 1958இல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. நெருங்கிய உறவில் இனப்பெருக்கம் செய்வதன் விலையையும் அந்த வம்சம் கொடுத்தது. எனவே அனுபவசாலிகள் அவ்வப்போது வேறிடத்து ஐசோபாட்களைக் கலக்கிறார்கள்.

வேறு சிக்கல்களும் உண்டு. பெண் ஐசோபாட் விந்தணுவை உடலில் சேமித்து வைக்கும். பிடிபடும் முன்பே அது இணைந்திருந்தால், தகப்பன் யாரென்றே தெரியாது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா, சில இனங்களில் ஆணாக வேண்டியதைப் பெண்ணாகவே மாற்றிவிடுகிறது. பெட்டி நிறையப் பெண்கள், ஆணுக்குப் பஞ்சம்!

மிகப் பெரிய ஏமாற்றம் நீலம். கூட்டத்தில் ஒன்று மட்டும் நீல ஊதாவாக மின்னினால் அது புதையல் அல்ல, பெரும்பாலும் நோய். இரிடோவைரஸ் கிருமிகள் திசுக்களில் படிகம்போல் வரிசையாக அடுக்கப்படும்போது ஒளி நீலமாகச் சிதறுகிறது. இயல்பிலேயே நீலச் சாம்பல் பூச்சு கொண்ட ஆரோக்கியமான இனமும் உண்டு. ஆனால் அதில் எல்லாமே அந்த நிறம்தான். ஒன்று மட்டும் தனித்து மின்னாது.

நோயுற்ற ஐசோபாட் சீக்கிரமே இறந்துவிடும். அதன் உடலைத் தின்பவற்றுக்கும் வைரஸ் தொற்றும். செத்த துணையைத் தின்பது ஐசோபாட்களின் வழக்கம் என்பதால், ஆசையாகச் சேர்த்த ஒரே ஒரு நீலம் பெட்டி முழுவதற்கும் நோயைப் பரப்பக்கூடும்.

எனவே புதிதாகப் பிடித்ததைத் தனிப் பெட்டியில் வைத்துக் கவனிப்பதே முதல் பாடம். நிறம் நிஜமா என்பதைச் சொல்ல வேண்டியது அதன் பேரக்குட்டிகள். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும்.