வளவு முற்றத்தில் கொத்தமல்லி



கார்த்திகை பிறந்தால் கொத்தமல்லிக்குப் பருவம் பிறந்தது எனலாம். வெயில் தணிந்த நாட்களிலேதான் அது இலை பெருக்கும். கோடையில் விதைத்தால் விரைவில் தண்டு நீண்டு பூத்துவிடும். ஆயினும், நல்ல பருவத்தில் வீட்டுத் தொட்டியில் விதைத்தும் பயன் காணாதோர் பலர். "எனக்குக் கைராசி இல்லை" என்று கூறித் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகின்றனர். பழுது கையில் இல்லை. தொட்டி வைத்த இடத்தில் இருக்கிறது.

காரைக்குடியை அடுத்த எங்கள் சாக்கோட்டையில், ஒரு கார்த்திகைத் தொடக்கத்தில், மாணவர் இருவரை ஆளுக்கொரு மண்சட்டியில் கொத்தமல்லி விதைக்கச் சொன்னேன். ஒருவன் தன் வீட்டு முற்றத்தில் வைத்தான். மற்றவன் பனிக்கும் மழைக்கும் அஞ்சி, அறைக்குள் வைத்துக் காத்தான். மூன்று வாரங் கழித்துப் பார்த்தபோது, அறைக்குள் வளர்ந்ததே உயரமாக நின்றது. பையனுக்குப் பெருமை தாளவில்லை. அடுத்த வாரத்தில் அவன் நாற்றுகள் அத்தனையும் சாய்ந்துவிட்டன.

அவ்வுயரம் செழிப்பன்று, பசி. இலையிலுள்ள பச்சையம் ஒளியைக் கொண்டே கரியமில வாயுவையும் நீரையும் சர்க்கரையாக்குகிறது. ஒளி போதாத செடி, இலைக்கும் வேருக்கும் செலவிட வேண்டியதைத் தண்டிலே செலவிட்டு, வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது. மங்கலான அறையையும் நம் கண் வெளிச்சமென்றே ஏற்றுக்கொள்ளும், செடி ஏமாறாது.

அவ்வாறாயின், முற்றத்தில் எங்கு வைத்தாலும் தகுமா? தகாது. சாக்கோட்டை வட அட்சரேகை ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. டிசம்பர் 21ஆம் நாளையொட்டிச் சூரியன் தெற்கே 23½ பாகைக்குச் சென்றுவிடும். இரண்டையும் கூட்டினால் 33½. நண்பகலிலும் சூரியன் உச்சியிலிருந்து அத்தனை பாகை தெற்கே சாய்ந்து நிற்கும் என்பது இதன் பொருள். அப்போது 12 அடி உயரத்திலுள்ள தெற்குத் தாழ்வாரக் கூரையின் விளிம்பு, முற்றத்தில் சுமார் 8 அடி தூரம் நிழல் வீழ்த்தும். முற்றம் தெற்கு வடக்காக 14 அடியாயின், தென்பாதி நண்பகல் வெயிலையே காணாது. வடக்கு ஓரமே தொட்டிக்கு உரிய இடம். முற்றமில்லாத அடுக்குமாடி வீட்டில் தெற்கு நோக்கிய சன்னலைத் தேடுக. ஒரு கோலை நட்டு நிழலை அளந்து பாருங்கள். நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டா.

இலண்டனில் அந்நாளின் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. நமக்கோ ஏறத்தாழ 11½ மணி. ஆதலின் அங்குள்ள நம்மவர், சன்னலோரத்துக் கறிவேப்பிலைக்கு மின்விளக்கும் ஏற்றி வைக்கின்றனர். நமக்கு அந்தச் செலவு இல்லை.

நமக்குள்ள தொல்லை மழை. வடகிழக்குப் பருவமழையில் நாற்புறத்து ஓட்டு நீரும் முற்றத்தில் கொட்டும். அதன்கீழ் அகப்பட்ட நாற்று பிழைப்பது அரிது. பெருமழையன்று தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிட்டு, வெயில் வந்ததும் மீண்டும் வைக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது.

கொத்தமல்லி விதை என நாம் சொல்வது உண்மையில் ஒரு கனி; அதனுள் இரண்டு விதைகள் உள. பலகையில் பரப்பி, மரக்கட்டையால் மெல்லத் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கும். ஓரிரவு ஊறவைத்து, செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்த சட்டியில், அரை அங்குல ஆழத்தில் இடுக. சட்டியின் அடியில் துளை இருத்தல் வேண்டும். முளைக்க 8 முதல் 15 நாள் ஆகும். இடையில் கிளறிப் பார்ப்பவர் பலர். ஆணிவேர்ச் செடியாதலால் பிடுங்கி நடுதல் ஆகாது. சுமார் 40 நாளில் இலை கிள்ளலாம்.

புதினாவுக்கு இவ்வளவு வெயில் வேண்டா. சந்தையில் வாங்கிய தண்டையே கணு புதைய நட்டால் வேர்விடும். கறிவேப்பிலையோ மார்கழியில் சோர்ந்திருக்கும். துளிர்க்கவில்லையே என்று நீரை மிகுதியாக ஊற்றினால் வேர் அழுகும்.

அந்தப் பையன் மார்கழியில் மறுபடியும் விதைத்து, சட்டியை வடக்கு ஓரத்தில் வைத்தான். தை மாதக் கடைசியில் அவன் வீட்டுக் கொத்தமல்லித் துவையல், ஒரு கிண்ணத்தில், எங்கள் வீட்டுக்கும் வந்தது.