ஒத்திகை இல்லாத மேடை

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்தின் செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. மாதம் ஒரு மாலை கலையரங்கில் ஓர் ஒலிவாங்கியை மட்டும் வைத்துவிடுவது. பெயர்ப் பட்டியல் இல்லை, தலைப்பு இல்லை, நடுவர் இல்லை. விரும்பியவர் ஏறிப் பாடலாம், பேசலாம், அந்தக் கணத்தில் தோன்றியதை இருவராக மூவராக நடித்தும் காட்டலாம். சென்னையிலும் பெங்களூரிலும் 'ஓப்பன் மைக்' என்ற பெயரில் இவ்வாறு நடக்கிறது என்று யோசனை சொன்ன மாணவர் விளக்கினார். "ஒத்திகை பார்க்காமல் மேடையேறினால் ஊரே சிரிக்காதா?" என்று ஒருவர் கேட்டார். "நமக்குப் புதிதுதான். மெல்லப் பழகிக்கொள்ளலாம்" என்று இன்னொருவர் சமாதானம் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இம்மலரில் எழுதுகிறேன்.

என் ஊர் இளையாத்தங்குடி. நகரத்தார் கோயில்கள் ஒன்பதனுள் ஒன்றாகிய கைலாசநாதர் நித்தியகல்யாணி கோயிலால் பெயர் பெற்ற ஊர். 1962-இல் காஞ்சிப் பெரியவர் முன்னிலையில் ஆகம சிற்ப சதஸ் கூடியதும் இங்கேதான். கற்றறிந்தோர் கூடிய அச்சபையைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். நான் சொல்லவிருப்பது வேறொரு சபை. அழைப்பிதழ் இல்லாதது. பங்குனி பிறந்துவிட்டால் சுற்றுவட்டாரக் கிராமங்களில் அம்மன் கோயில் பொட்டலிலும் ஐயனார் கோயில் திடலிலும் பாயை விரித்தவுடன் கூடிவிடுவது. அதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர்.

இந்தப் பெயரைக் கேட்டு ஏதோ தனிச்சிறப்பான நாடகம் என்று எண்ணிவிட வேண்டாம். பழைய நாளில் நாடகக் கம்பெனிகள் இருந்தன. நடிகர்கள் ஒரே கம்பெனியில் தங்கி, உண்டு, உறங்கி, ஒன்றாகப் பாடம் செய்து ஊர் ஊராகப் போய் நடித்தார்கள். ஸ்பெஷல் நாடகமோ இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு கலைஞரையும் அந்த ஓர் இரவுக்கு மட்டும் தனித்தனியே பேசி முன்பணம் கொடுத்து அமர்த்துவார்கள். மதுரையிலிருந்து ஸ்திரீபார்ட், புதுக்கோட்டையிலிருந்து ராஜபார்ட், வேறோர் ஊரிலிருந்து பபூன், இன்னோர் ஊரிலிருந்து நடனமாடும் பெண் என்று ஆளுக்கொரு பேருந்தில் வந்து இறங்குவார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளக்கருவிகள் ஆகியவற்றை வாசிப்பவர்களும் அப்படித்தான். அன்றிரவு காதலனும் காதலியுமாக நடிக்கவேண்டிய இருவர், மேடைக்குப் பின்னால் முகத்தில் அரிதாரம் பூசும்போதுதான் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் உண்டு. இயக்குநர் என்று ஒருவர் இல்லை. ஒத்திகை இல்லவே இல்லை. இரவு பத்து மணிக்குத் திரை தூக்கினால் விடியும்வரை நாடகம் நடக்கும்.

இது எப்படிச் சாத்தியம்? என் தாய்மாமன் பல ஆண்டுகள் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அவரிடம் கேட்டேன்.

"ஏத்தா, ஒத்திகை இல்லேன்னு யாரு சொன்னா? அவங்கவங்க இருவது வருசமா மேடையில நின்னதெல்லாம் ஒத்திகைதானே? சேந்து பாக்கலை, அம்புட்டுத்தான்" என்றார்.

அவர் சொன்னதை என் மொழியில் விரித்துச் சொல்கிறேன். இம்மேடையில் பெரும்பாலும் நடப்பவை சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த நாடகங்கள்: வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா முதலியன. கதையும் காட்சிகளின் வரிசையும் முக்கியமான பாட்டுகளும் எல்லாருக்கும் பாடம். அவை வீட்டின் தூண்கள் போல. தூணுக்கும் தூணுக்கும் இடையே எழும் சுவர் முழுவதையும் அன்றிரவுதான் கட்டவேண்டும். எதிரில் நிற்பவர் எந்தச் சொல்லை வீசுவார் என்று தெரியாது. ஆகையால் காதைத் தீட்டி வைத்துக்கொள்ளாதவர் அங்கே பிழைக்க முடியாது.

இந்தக் கட்டுமானத்தின் கொத்தனார் ஆர்மோனியக்காரர் என்றால் மிகையாகாது. நடிகர் மேடையேறுமுன் அவரிடம் வந்து தம் குரல் எத்தனை கட்டை என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்குமேல் எல்லாம் அவர் பொறுப்பு. நடிகர் பாட்டை மறந்தால் முதலடியின் மெட்டை மெல்ல வாசித்து நினைவூட்டுவார். வாக்குவாதம் எல்லை மீறிப்போனால் அடுத்த பாட்டின் சுருதியை ஓங்கி எழுப்பி இருவரையும் பிரித்துவைப்பார். பபூன் சிரிக்க வைக்கத் தவறினால், சபையோர் கேட்க நினைக்கும் கேள்வியை ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னாலிருந்து தாமே கேட்டு ஒரு வழி திறந்துவிடுவார். அவர் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதால் நாம் அவரைக் கவனிப்பதில்லை. நானும் மாமன் சொல்லும்வரை கவனித்ததில்லை.

இனி நான் கண்ட காட்சிக்கு வருகிறேன். சிறுமியாக இருந்தபோது என் அப்பத்தாவோடு நாடகம் பார்க்கப் போவேன். முதல் இரண்டு மணி நேரம் பபூனுடையது. அவர் தனியே வந்து பேசுவார், பாடுவார். பின்னர் நடனப் பெண்ணோடு வம்பளப்பார். "பபூன் முடிஞ்சதும் எழுப்புறேன், நீ படு" என்று அப்பத்தா என்னைப் பாயில் கிடத்திப் போர்த்திவிடுவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருப்பேன். பாதி புரியாது. புரிந்த பாதியில் ஊராட்சித் தலைவர், ரேஷன் கடை, திருவிழாக் கணக்கு எல்லாம் அடிபடும். அந்தத் தலைவரே முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். பகலில் எவரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாததை இரவில் பபூன் சொல்லலாம். ஆயினும் எல்லாவற்றையும் புகழ்ந்துவிட மாட்டேன். அந்த வேடிக்கையில் பெரும்பங்கு பெண்களின் தலைமேல்தான் விழுந்தது என்பது வளர்ந்த பிறகு புரிந்தது.

நள்ளிரவுக்குமேல் அப்பத்தா என்னை உலுக்கி எழுப்புவாள். "எந்திரி, தர்க்கம் வந்திருச்சு!"

வள்ளி திருமணத்தின் உயிர்நிலை இந்தத் தர்க்கம். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் நாரதர் வந்து பேச்சுக் கொடுப்பார். பிறகு முருகன் வேடனாக வந்து வம்புக்கிழுப்பார். கேள்வி புராணத்திலிருந்து வரலாம், இலக்கணத்திலிருந்து வரலாம், வெறும் சொல் விளையாட்டாகவும் இருக்கலாம். விடை சொன்னால் மட்டும் போதாது. விடையிலேயே எதிர்க்கேள்வியின் முள் இருக்கவேண்டும். ஒருமுறை நாரதர், "புனத்தைக் காக்க நீ வந்தாய் அம்மா, உன்னைக் காக்க யார் வருவார்?" என்று கேட்டார். அன்றைய வள்ளி சற்றும் தயங்காமல், "கேட்ட உம்மையே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பார்க்கிறேன் சுவாமி, ஆனால் சொந்த வீடு வாசல் இல்லாமல் மூன்று உலகமும் சுற்றுகிறவரை நம்பித் தினையை விட்டுவிட்டுப் போக எங்கள் அண்ணன்மார் சம்மதிப்பார்களா?" என்றார். பெண்கள் பக்கம் எழுந்த சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. நாரதரும் சிரித்துவிட்டார். அது நாரதர் சிரித்ததா, நடிகர் சிரித்ததா என்று இன்றும் எனக்குச் சந்தேகம். ஒரு பெண் நடுச்சாமத்தில் ஊர் முழுவதும் கேட்க ஓர் ஆணுக்கு விடை சொல்லி வென்றதை நான் முதன்முதலில் கண்ட இடம் அதுதான். பள்ளியிலோ வீட்டிலோ அப்படியொன்றை அதுவரை கண்டதில்லை.

எழுதி வைக்காத சொல்லுக்கு உள்ள வலிமையை ஆங்கிலேய அரசு நன்றாக அறிந்திருந்தது. 1876-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம், ஆட்சிக்கு எதிரான நாடகங்களைத் தடை செய்யவும் அவற்றின் எழுத்துப்படிகளைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் அதிகாரம் கொடுத்தது. ஆனால் அந்தக் கணத்தில் பிறக்கும் சொல்லுக்கு எழுத்துப்படி ஏது? விசுவநாததாஸ் (1886–1940) முருகனாக வந்து வள்ளியிடம் பாடுகிற பாட்டிலேயே வெள்ளையராட்சியைச் சாடினார். தினைப்புனத்தில் பறவை விரட்டும் பாட்டு, கடல் கடந்து வந்த பறவையை விரட்டும் பாட்டாக மாறியது. பலமுறை கைதாகிச் சிறை சென்றார். அவர் பிறந்த சாதியைக் காரணம் காட்டி அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகளும் இருந்தனர் என்பது இம்மேடையின் வரலாற்றில் மறைக்கக்கூடாத பக்கம். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மயிலின்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையில் மேடையிலேயே உயிர் நீத்தார்.

எழுத்துக்கும் வாய்ச்சொல்லுக்கும் இடையிலான இந்த இழுபறி நாடகத்துக்குள்ளேயும் இருந்தது. அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தவர் என்று புகழப்படும் சங்கரதாஸ் சுவாமிகளே, 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, எழுதியதை எழுதியபடியே பேசுமாறு சிறுவர்களைப் பழக்கினார். பெரிய நடிகர்களின் கட்டற்ற வாய் அவரைச் சலிப்படையச் செய்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆனால் நூற்றாண்டு கடந்தபின், சிறுவர் சபைகள் மறைந்துபோயின. கட்டற்ற வாய்தான் எங்கள் பொட்டலில் மிஞ்சியிருக்கிறது!

பிற நாடுகளிலும் இத்தகைய கலை உண்டு. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் முகமூடி நாடகக்காரர்கள் கதைச்சுருக்கத்தை மட்டும் மேடைக்குப் பின்னே தொங்கவிட்டு, உரையாடலை மேடையிலேயே உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் வயோலா ஸ்போலின் என்னும் அம்மையார் குழந்தைகளுக்காக உருவாக்கிய நாடக விளையாட்டுகளே, 1959-இல் சிகாகோவில் தொடங்கிய 'செகண்ட் சிட்டி' அரங்குக்கு அடித்தளமாயின. நம் மன்றத்தில் பேசப்பட்டது அந்த மரபின் கிளைதான். அதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. புதிது என்று சொன்னதுதான் மனத்தை உறுத்தியது.

இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வள்ளி வென்ற இரவு விடிந்து, முதல் பேருந்துக்கு நாங்கள் நின்றோம். சாலையோரத்தில் ஒரு பெட்டியோடு அந்த அம்மாவும் தனியே நின்றிருந்தார். கழுத்தோரம் அரிதாரம் முழுவதும் போகவில்லை. நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். அப்பத்தா என் கையைப் பிடித்து இழுத்து, "நாடகக்காரிகிட்ட என்ன பேச்சு?" என்றாள். நள்ளிரவில் கையைத் தட்டிச் சிரித்த அதே அப்பத்தா! 1926-இல் இலங்கையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு இதே மேடையில் பாடிப் புகழ்பெற்ற கே.பி. சுந்தராம்பாள் பின்னாளில், 1958-இல், சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். அந்தப் பெருமையை அறிந்தவர்களும் நாடகப் பெண்ணுக்கு வாடகைக்கு வீடு விட யோசிக்கிறார்கள். ஒலிவாங்கி ஓரிரவுக்குத் திறந்திருக்கிறது, வாசல் திறக்கவில்லை.

இப்போது ஒலிவாங்கிக்கும் நேரம் குறைந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விரும்பினால், ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு பன்னிரண்டு வரை தளர்த்தலாம். விதியை நான் குறை கூறவில்லை. தேர்வுக்குப் படிக்கும் இரவில் ஒலிபெருக்கியை நானே திட்டியிருக்கிறேன். ஆனால் பத்து மணிக்குத் தொடங்கும் கலையைப் பத்து மணிக்கு நிறுத்தினால் என்ன மிஞ்சும்? சென்ற திருவிழாவில் பக்கத்துக் கிராமத்தில் பொழுது சாயவுமே திரையைத் தூக்கிவிட்டார்கள். பபூன் பகுதியைக் குறைக்க எவருக்கும் மனம் வரவில்லை. அனுமதித்த நேரம் முடிந்தபோது நாரதர் தர்க்கம் பாதியில் நின்றது. முருகன் வேடமிட்டவர் மேடைக்கு வராமலே ஒப்பனையைக் கலைத்தார். வள்ளிக்குத் திருமணம் ஆகாமலே மங்களம் பாடிவிட்டார்கள்.

நம் மன்றத்தின் திறந்த மேடை இரண்டு முறை நடந்துவிட்டது. முதல் மாதம் ஏறியவர் எல்லாரும் மாணவர்களே. மாணவியர் ஒருவரும் ஏறவில்லை. இரண்டாம் மாதம் நான் ஏறினேன். வேதியியல் துறை மாணவர் ஒருவரை நாரதராக இருக்கச் சொன்னேன். தர்க்கம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. ஆனாலும் துணிந்து வந்தார். முதல் கேள்விக்கு விடை சொன்னேன். இரண்டாவதற்குச் சமாளித்தேன். மூன்றாவதில் இருவருக்குமே வாய் அடைத்துப்போய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். முன்வரிசையில் சிரித்தார்கள்.

ஊருக்குப் போனபோது மாமனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சுதி யாரு குடுத்தா?" என்றார்.

"யாரும் இல்லை மாமா."

"பெட்டியே இல்லாம தர்க்கத்துக்கு நின்னியாக்கும்?" என்று சிரித்தார்.

அடுத்த மாதம் ஆர்மோனியத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பேருந்துக் கட்டணமும், பழைய வழக்கப்படி வெற்றிலை பாக்கோடு பதினொரு ரூபாய் முன்பணமும் வேண்டுமாம். மன்றப் பொருளாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.