கார்டைக் கடப்பவர் பிடிபடும் தருணம்

1914இல் பிரேசிலுக்குச் சென்ற ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேதாவின் வழியே பரவி, கிரேசி குடும்பத்தாரால் தனிப்போக்கில் வளர்க்கப்பட்ட பிரேசிலிய ஜியு-ஜிட்சு, தரையில் மல்லாந்து கிடப்பவரைத் தோற்றவராகக் கருதாத மற்போர்க் கலையாகும். மல்லாந்தவர் தம் கால்களாலும் இடுப்பாலும் எதிராளியைக் கட்டுப்படுத்தும் நிலை ‘கார்ட்’ எனப்படுகிறது. மேலிருப்பவர் அக்கால்களைத் தாண்டிச் சென்று பக்கவாட்டில் அழுத்தி நிலைகொள்வது ‘கார்ட் பாஸ்’; பெரும்பாலான போட்டிகளில் அதற்கு 3 புள்ளிகள் வழங்கப்படும். ஆனால் மூட்டைப் பூட்டியோ கழுத்தை நெரித்தோ எதிராளியைப் பணியவைக்கும் ‘சப்மிஷன்’ நிகழ்ந்துவிட்டால், புள்ளிகள் எவ்வளவு இருந்தாலும் ஆட்டம் அத்துடன் முடிந்துவிடும்.

நிமிர்ந்த உடலோடும் விலாவை ஒட்டிய முழங்கைகளோடும் இருப்பவரைக் கீழிருந்து பிடிப்பது கடினம். எனினும் கால்களைக் கடக்க வேண்டுமானால் அவர் கையை நீட்டியோ, எடையை ஒருபுறம் சாய்த்தோ ஆகவேண்டும் என்பதால், கடக்கும் முயற்சியே அவரது காப்பைத் தளர்த்துகிறது.

கடப்பவர் ஒரு கையைக் கீழிருப்பவரின் தொடைக்கு அடியில் கொடுத்து அக்காலைத் தம் தோள்மீது தூக்கி, மறுகையை இரு கால்களுக்கு இடையிலேயே விட்டுக் கடக்க முயல்வது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. தோள்மீதுள்ள காலைக் கீழிருப்பவர் எதிராளியின் பிடரிக்குக் குறுக்கே போட்டு, அதன் கணுக்காலை மறுகாலின் முழங்கால் மடிப்பில் செருகிப் பூட்டினால் ‘முக்கோண நெரிப்பு’ உருவாகிறது. கழுத்தின் ஒருபக்கத் தமனியைத் தொடையும், மறுபக்கத் தமனியை அகப்பட்ட கையின் தோளும் அழுத்துவதால், மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, சில நொடிகளிலேயே மயக்கம் நேரலாம். எதிராளி நிமிர்ந்து தப்ப முயன்றால், நீண்டுவிடும் அவரது கையை இடுப்பின்மீது வைத்து முழங்கையைப் பூட்டலாம். கையை உருவ முயன்றால், அத்தோளைக் காலால் முறுக்கும் ‘ஒமோபிளாட்டா’வுக்கு மாறலாம்.

கடப்பவர் தரையில் கையூன்றினால் ‘கிமுரா’வுக்கு வழி பிறக்கிறது. அவரது மணிக்கட்டைப் பற்றி, மறுகையை அவர் தோளுக்கு மேலாகச் சுற்றித் தம் மணிக்கட்டையே பிடித்து, அக்கையை முதுகுப்புறமாகத் திருப்பும் இந்தத் தோள்பூட்டு, 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் இதைக்கொண்டு ஹெலியோ கிரேசியை வென்ற மசாஹிகோ கிமுராவின் பெயரைத் தாங்கியுள்ளது.

1994 டிசம்பரில் நடந்த யுஎஃப்சி 4 என்னும் கலப்புத் தற்காப்புக்கலைப் போட்டியின் இறுதிச்சுற்றில், தம்மைவிட மிகுந்த எடைகொண்ட டான் செவர்னின் அடியில் நெடுநேரம் கிடந்த ராய்ஸ் கிரேசி, முக்கோண நெரிப்பால் அவரைப் பணியவைத்தது இம்முறையின் வலிமையை உலகறியச் செய்தது.

எதிராளி முழுதும் கடந்து இடுப்பை அழுத்திவிட்ட பிறகு இத்தாக்குதல்கள் பெரும்பாலும் பயனளிப்பதில்லை. ஆகவே பிடிகளை அறிவதைக் காட்டிலும், அவர் கை விலகும் கணத்தைக் கண்டுகொள்ளப் பழகுவதே கற்பவருக்கு முதன்மையானது.